வேங்கடத்து அடிவாரத்துத் தமிழ்: சித்தூர், திருப்பதித் தமிழர்களின் மொழியும் பண்பாடும்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மக்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவருகின்றனர். இவர்களில் பெரும்பாலோர் வேறெங்கிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அல்லர். அவர்கள் இருந்த ஊரிலேயே இருந்தார்கள். மாநில எல்லைதான் அவர்களுக்குத் தெற்கே போய் அமைந்தது. வீட்டில் தமிழ், பள்ளியிலும் தாலுகா அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் தெலுங்கு என்ற வாழ்க்கை அன்றுமுதல் அவர்களுக்கு வாய்த்தது.

பெரும்பான்மையினரின் மொழி வேறாக இருக்கும் இடத்தில் ஒரு மக்கள் கூட்டம் தன் மொழியையும் வழக்கங்களையும் எப்படிக் காத்துக்கொள்கிறது என்பது உலகெங்கும் உள்ள கேள்வி. லண்டனில் வாழும் நைஜீரியக் குடும்பங்களும், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் வாழும் சோமாலியர்களும், வாஷிங்டனில் வாழும் எத்தியோப்பியர்களும் இன்று அதை எதிர்கொள்கிறார்கள். கடலும் கண்டமும் கடந்து போனவர்கள் அவர்கள். பிறந்த மண்ணிலேயே சிறுபான்மையானவர்கள் சித்தூர்த் தமிழர்கள். சூழ்நிலை இவ்வளவு மாறுபட்டாலும், எது நிலைக்கிறது, எது முதலில் நழுவுகிறது என்பதில் இரு சாராரின் அனுபவமும் பெரிதும் ஒத்திருக்கிறது.

வேங்கடமும் தமிழும்

தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் பாடிய சிறப்புப்பாயிரம், தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கட மலையைக் குறிப்பிடுகிறது. புல்லி என்ற தலைவன் ஆண்ட மலையாகச் சங்கப் பாடல்கள் வேங்கடத்தைப் பேசுகின்றன. பொருள் தேடிப் போகும் தலைவன் அந்த மலையைத் தாண்டி மொழி வேறாகிய நாட்டுக்குச் செல்கிறான். அந்தக் காலத்திலேயே வேங்கடம் இரண்டு மொழிகள் சந்திக்கும் இடமாக இருந்தது என்பதை இது காட்டுகிறது.

பின்னர் ஆழ்வார்கள் திருவேங்கடத்தைப் பாடினார்கள். இறைவன் முன் படியாய்க் கிடக்க விரும்பிய குலசேகராழ்வாரின் நினைவாக, பெருமாள் சன்னதி வாயிற்படி இன்றும் குலசேகரப் படி என்றே வழங்குகிறது. திருமலை நம்பி இறைவனுக்குத் தீர்த்தம் சுமந்தார். இராமானுசரின் சொல்லை ஏற்று அனந்தாழ்வான் மலையில் நந்தவனம் அமைத்தார். இராமானுசர் ஏற்படுத்தியதாகக் கருதப்படும் சீயர் மடத்தின் மரபு இன்றும் தொடர்கிறது.

சைவத்திலும் இப்பகுதிக்குப் பெரிய இடம் உண்டு. திருக்காளத்தி என்று தேவார மூவரும் பாடிய ஸ்ரீகாளஹஸ்தி, இன்று திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. கண்ணப்ப நாயனாரின் கதை நடந்த இடம் அது. காளஹஸ்திக்கு அருகிலுள்ள தொண்டைமானாட்டில்தான் முதலாம் ஆதித்த சோழன் இறந்தான். அவன் நினைவாக எழுந்த கோயில் அங்கே உள்ளது.

திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. பல்லவர் குலத்து அரசி சாமவை 10-ஆம் நூற்றாண்டில் வெள்ளித் திருமேனி ஒன்றை அளித்ததைச் சொல்லும் கல்வெட்டு அவற்றுள் புகழ்பெற்றது. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் ஏழு முறை திருமலைக்கு வந்தார். அவர் காலத்துக் கொடைகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளிலும் பொறிக்கப்பட்டன. தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் 15-ஆம் நூற்றாண்டில் அதே இறைவன்மீது தெலுங்கில் ஆயிரக்கணக்கான கீர்த்தனைகளைப் பாடினார். ஆழ்வார்களின் தமிழும் அன்னமாச்சாரியாரின் தெலுங்கும் ஒரே சன்னதியில் ஒலிக்கும் மரபு இப்படித்தான் வளர்ந்தது.

எல்லை வரையப்பட்ட கதை

சித்தூர் நகரம் நீண்ட காலம் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் தனியாக உருவாக்கப்பட்டது. வட ஆற்காட்டின் வடபகுதியும், தெலுங்கு வழங்கும் கடப்பை மாவட்டத்தின் மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுகாக்களும் அதில் சேர்ந்தன. தமிழ் மிகுந்த ஊர்களும் தெலுங்கு மிகுந்த ஊர்களும் ஒரே மாவட்டத்துக்குள் வந்தன. எல்லாமே சென்னை மாகாணமாக இருந்ததால் அது அன்று பெரிய சிக்கலாகத் தோன்றவில்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானம் உருவானதும் சென்னை மாகாணச் சட்டமன்றம் 1932-இல் இயற்றிய சட்டத்தின்படிதான்.

நாடு விடுதலை பெற்ற பிறகு மொழிவழி மாநிலக் கோரிக்கை வலுத்தது. பொட்டி ஸ்ரீராமுலு தனி ஆந்திர மாநிலம் கேட்டு உண்ணாநோன்பிருந்து 1952 டிசம்பர் 15 அன்று உயிர்நீத்தார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் சேர்க்கப்பட்டது. தமிழர் மிகுந்த திருத்தணியும் அதில் அடங்கியது.

தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ.சிவஞானம் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினார். திருத்தணி கே.விநாயகம் அதில் முன்னணியில் நின்றார். தமிழாசிரியர் மங்கலங்கிழார் ஊர் ஊராகத் தமிழ் கற்பித்து மக்களைத் திரட்டினார். மறியல், சிறை, உயிரிழப்பு என்று போராட்டம் நீண்டது. இறுதியில் எச்.வி.படாஸ்கர் நடுவராக அமர்த்தப்பட்டார். மாவட்டத்தையோ தாலுகாவையோ முழுதாக எடுத்துக்கொள்ளாமல், கிராமத்தை அலகாகக் கொண்டு, அங்கே எந்த மொழி பேசுவோர் பெரும்பான்மை, அது எந்த மாநிலத்தை ஒட்டியுள்ளது என்று பார்ப்பது அவர் பின்பற்றிய முறை. நாடாளுமன்றம் 1959-இல் எல்லை மாற்றச் சட்டத்தை இயற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து சத்தியவேடு சுற்றுவட்டாரக் கிராமங்களும், சேலம் மாவட்டத்தின் சில கிராமங்களும் ஆந்திரத்துக்குச் சென்றன.

கிராமத்தை அலகாகக் கொண்ட கோட்டாலும் எல்லாரையும் பிரித்துவிட முடியவில்லை. ஒரே கிராமத்தில் இரு மொழியினரும் பக்கத்துத் தெருக்களில் வாழும்போது எங்கே கோடு கிழித்தாலும் இருபுறமும் சிறுபான்மையினர் இருப்பார்கள். தமிழ்நாட்டின் ஓசூர், கிருஷ்ணகிரி, திருத்தணிப் பகுதிகளில் தெலுங்கு பேசுவோர் எஞ்சினர். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் தமிழர் எஞ்சினர். 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திர அரசு மாவட்டங்களைத் திருத்தியமைத்தபோது பழைய சித்தூரின் ஒரு பகுதியும் நெல்லூரின் ஒரு பகுதியும் சேர்ந்து திருப்பதி மாவட்டம் ஆயின. தமிழர் வாழும் எல்லையோர ஊர்கள் இப்போது இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன.

எங்கே, எவ்வாறு வாழ்கிறார்கள்

சித்தூர் மாவட்டத்தில் நகரி, விஜயபுரம், பாலசமுத்திரம், குடிபாலை, யாதமரி, குப்பம் ஆகிய வட்டாரங்களிலும், திருப்பதி மாவட்டத்தில் சத்தியவேடு, நாகலாபுரம், பிச்சாட்டூர், வரதய்யபாளையம் வட்டாரங்களிலும் தமிழ் பரவலாகப் பேசப்படுகிறது. நகரியிலும் ஏகாம்பரகுப்பத்திலும் விசைத்தறி நெசவு பெருந்தொழில். சித்தூரைச் சுற்றி மாந்தோப்பும் கரும்பும். மாங்கூழ் ஆலைகளுக்குத் தோத்தாபுரி மாம்பழம் வண்டி வண்டியாகப் போகிறது. வெல்லச் சந்தை பெயர்பெற்றது. சத்தியவேட்டுப் பகுதியில் எழுந்த ஸ்ரீசிட்டி தொழில் நகரம் இரு மாநிலத்துத் தொழிலாளர்களையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்திருக்கிறது. திருப்பதி நகரிலோ கோயிலைச் சார்ந்த தொழில்களும் கடைத்தெருவும் தமிழுக்குத் தொடர்ந்து இடம் தருகின்றன.

ஆந்திர அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலைப் பார்த்தால் இம்மக்களின் வரலாறு தெரியும். வன்னியர்கள் அங்கே வன்னியகுல சத்திரியர் என்ற பெயரோடு வன்னேகாப்பு, வன்னேரெட்டி, பள்ளிரெட்டி என்ற தெலுங்குப் பெயர்களிலும் இடம்பெற்றுள்ளனர். செங்குந்தர்கள் கைக்கோளர் என்றும், கரிகாலபக்துலு என்றும் குறிக்கப்பட்டுள்ளனர். ஒரே சமூகம் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பெயரிலும் அந்தப் பக்கம் வேறொரு பெயரிலும் அறியப்படுவது, புதிய சூழலோடு அது எவ்வளவு தூரம் இணங்கிப் போயிருக்கிறது என்பதற்குச் சான்று.

பேச்சுத் தமிழ் நிலைத்த விதம்

எல்லை மாறி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்வூர்களில் பேச்சுத் தமிழ் உயிர்ப்போடு இருக்கிறது. இதற்கு முதற்காரணம் திருமண உறவு. நகரியில் பெண் எடுப்பவர் திருத்தணியிலும் அரக்கோணத்திலும் எடுக்கிறார். சித்தூர்க் குடும்பங்களுக்கு வேலூர், குடியாத்தம், காட்பாடிப் பக்கம் சம்பந்தம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த பெண் ஆந்திரத்து வீட்டுக்கு மருமகளாக வரும்போது அவளுடைய தமிழும் கூடவே வருகிறது. பிள்ளைகள் அவளிடமிருந்து பேசக் கற்கிறார்கள். விடுமுறைக்கு மாமன் வீட்டுக்குப் போகிறார்கள். மொழி தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் வழி அடைபடாமல் இருக்க இதைவிடப் பெரிய துணை இல்லை.

இரண்டாவது காரணம் தூரம். சித்தூரிலிருந்து வேலூர் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கும். கடும் நோய் என்றால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போவது இப்பகுதி மக்களின் வழக்கம். அக்கல்லூரி சித்தூரிலும் ஒரு மருத்துவமனை வளாகத்தை நடத்துகிறது. எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொள்ளத் தமிழ்நாட்டார் புத்தூருக்கு வருகிறார்கள். துணி எடுக்கவும் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கவும் சென்னைக்கும் வேலூருக்கும் பேருந்தும் ரயிலும் தினமும் ஓடுகின்றன. தமிழ்த் திரைப்படமும் தொலைக்காட்சித் தொடர்களும் வீட்டுக்குள்ளேயே தமிழைக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

மூன்றாவது, சந்தை. திருப்பதிக்கு வரும் அடியார்களில் தமிழ்நாட்டார் மிகுதி. பூக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், விடுதிப் பணியாளர், மொட்டையடிப்பவர் எல்லாரும் தமிழ் பேசுகிறார்கள். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் தொழிலுக்காகத் தமிழ் கற்கிறார்கள். ஒரு மொழியால் அன்றாடம் பயன் விளையும்போது அதைப் பேசுவோருக்குக் கூச்சம் வருவதில்லை.

இந்தத் தமிழ் சென்னைத் தமிழைப் போலவோ மதுரைத் தமிழைப் போலவோ இருக்காது. நிலப் பத்திரம், அரசு அலுவலகம், பள்ளி சார்ந்த சொற்கள் பெரும்பாலும் தெலுங்கிலிருந்து வருகின்றன. அதேபோல் சித்தூர்த் தெலுங்கிலும் தமிழின் சாயல் ஆழமாகப் படிந்துள்ளது. நாமினி சுப்பிரமணியம் நாயுடு போன்ற தெலுங்கு எழுத்தாளர்கள் அந்த வட்டார வழக்கையே இலக்கிய மொழியாக்கியிருக்கிறார்கள். கலப்பு இரு பக்கமும் நடந்திருப்பதால் யாருடைய மொழியும் தாழ்ந்ததாக ஆகவில்லை.

எழுத்துத் தமிழின் நெருக்கடி

பேச்சுக்கு இருக்கும் இந்த வலிமை எழுத்துக்கு இல்லை. வீட்டில் சரளமாகத் தமிழ் பேசும் இளைஞர்களில் பலருக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. பேருந்தின் பெயர்ப்பலகையையும் திருமண அழைப்பிதழையும் அவர்கள் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோதான் படிப்பார்கள். திருப்பாவையையும் நாலாயிர திவ்யப் பிரபந்தத்தையும் தெலுங்கு எழுத்தில் அச்சிட்ட நூல்கள் நெடுங்காலமாக வழக்கில் உள்ளன. ஒலி தமிழாகவே இருக்க, கண் தெலுங்கைப் பார்க்கிறது.

அரசியல் சட்டம் இந்த நிலையை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கிறது. 1956-இல் செய்யப்பட்ட ஏழாவது திருத்தத்தின் மூலம் சேர்ந்த 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்யுமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொள்கிறது. 350ஆ பிரிவு மொழிச் சிறுபான்மையினருக்கென ஒரு தனி அதிகாரியை அமர்த்த வழிசெய்கிறது. 29, 30 ஆகிய பிரிவுகள் மொழியையும் பண்பாட்டையும் காக்கும் உரிமையையும் கல்வி நிலையங்கள் நடத்தும் உரிமையையும் தருகின்றன. ஒரு பள்ளியில் 40 பிள்ளைகளோ, ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ வேறொரு தாய்மொழியைக் கொண்டவர்களாக இருந்தால் அம்மொழியில் கற்பிக்க ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்பது 1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் ஏற்கப்பட்ட நெறி.

ஆந்திரத்தில் இந்த வழி அடைக்கப்படவில்லை. எல்லையோர ஊர்களில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தமிழ்வழியில் எழுதலாம். தமிழை முதல் மொழியாகவும் எடுக்கலாம். ஆசிரியர் தேர்வுகளில் தமிழ்வழிப் பணியிடங்களும் அறிவிக்கப்படுகின்றன. 1997-இல் குப்பத்தில் தொடங்கப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளை ஒரே வளாகத்தில் கற்பிக்கிறது. மூன்று மாநிலங்கள் சந்திக்கும் குப்பத்தை அதற்குத் தேர்ந்தெடுத்தது பொருத்தமான முடிவு.

வழி திறந்திருந்தும் அதில் நடப்பவர் குறைவு. தமிழ்வழியில் படித்த பிள்ளை மேற்படிப்புக்கும் மாநில அரசு வேலைக்கும் போகும்போது தெலுங்கோ ஆங்கிலமோ தேவைப்படுகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேரப் போனாலோ பிறப்பிடச் சான்று குறுக்கே நிற்கிறது. அங்கே அவர் வெளிமாநிலத்தார். இரண்டு பக்கமும் பயன் குறைவதைப் பார்க்கும் பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்க்கிறார்கள். வகுப்பில் பிள்ளைகள் பத்துக்குக் கீழே போனால் ஆசிரியர் பணியிடம் கேள்விக்குள்ளாகிறது. ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு அடுத்த ஆண்டு இன்னும் குறைவான பிள்ளைகளே வருகிறார்கள். ஒரு தமிழ்ப் பள்ளி பெரும்பாலும் இப்படிச் சிறுகச் சிறுகத்தான் மூடுகிறது.

ஆங்கிலவழி மோகம் இந்தச் சுழலை விரைவுபடுத்துகிறது. ஆந்திர அரசு 2019 நவம்பரில் அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளை ஆங்கிலவழிக்கு மாற்ற ஆணையிட்டது. உயர் நீதிமன்றம் 2020 ஏப்ரலில் அந்த ஆணையை நீக்கியது. வழக்கின் முடிவு எதுவாக இருந்தாலும் தனியார் ஆங்கிலப் பள்ளிகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. தெலுங்குக்கே சவாலாக இருக்கும் இந்த மாற்றத்தில் சிறுபான்மை மொழியின் நிலை இன்னும் கடினம்.

தமிழ்நாட்டிலும் இதற்கு நிகரான கதை நடக்கிறது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளின் தெலுங்கு, கன்னட, உருதுப் பிள்ளைகளுக்கு விலக்குக் கேட்டு வழக்குகள் நடந்தன. சித்தூர்த் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் வேண்டும் என்று கேட்பவர்கள், ஓசூர்த் தெலுங்குப் பிள்ளைக்கும் அதையே கேட்பதுதான் நேர்மை. எல்லையின் இரு பக்கத்துச் சிறுபான்மையினரும் உண்மையில் ஒரே நிலையில் இருப்பவர்கள்.

வழிபாடும் விழாவும் கூத்தும்

மொழியைக் காட்டிலும் உறுதியாக நிற்பவை வழிபாடும் விழாவும். திருமலைக் கோயிலில் மார்கழி மாதம் முழுவதும் விடியற்காலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவை ஓதப்படுகிறது. வைகுண்ட ஏகாதசியை ஒட்டி நடக்கும் அத்யயன உற்சவத்தில் 25 நாட்கள் நாலாயிரமும் சேவிக்கப்படுகின்றன. திருமலை நம்பியின் தொண்டை நினைவுகூரும் தண்ணீரமுது உற்சவமும் நடக்கிறது. பிரம்மோற்சவக் கருட சேவைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலை வருகிறது. சென்னை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருக்குடைகள் ஊர்வலமாக வருகின்றன. தேவஸ்தானத்தின் சப்தகிரி மாத இதழுக்குத் தமிழ்ப் பதிப்பு உண்டு; அதன் தொலைக்காட்சிக்குத் தமிழ் அலைவரிசை உண்டு. ஆழ்வார் திவ்யப் பிரபந்தத் திட்டம் என்ற பெயரில் பாசுரம் ஓதுவோரையும் தேவஸ்தானம் ஆதரிக்கிறது. பெரிய நிறுவனம் ஒன்று ஒரு மொழியைத் தன் அன்றாட நடைமுறையில் ஏற்றுக்கொண்டால் அம்மொழிக்கு எவ்வளவு பெரிய காப்பு கிடைக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கிராமங்களில் திரௌபதி அம்மன், தர்மராஜர் கோயில் விழாக்கள் இதே பணியைச் செய்கின்றன. பல நாட்கள் பகலில் பாரதக் கதை சொல்லப்படும். இரவில் கூத்து நடக்கும். அர்ச்சுனன் தபசு நாளில் அர்ச்சுனன் வேடமிட்டவர் உயரமான கம்பத்தில் ஏறி, மேலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் வீசுவார். பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்துவார்கள். படுகளத்தன்று மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தின் தொடையில் வீமன் அடிப்பார். திரௌபதி கூந்தல் முடிவாள். மாலையில் தீமிதி. செஞ்சிப் பகுதியோடு தொடர்புடைய இந்த மரபு சித்தூர் வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு இரண்டிலும் நடக்கிறது. தெருக்கூத்தும் வீதிநாடகமும் ஒன்றின் இசையையும் வேடத்தையும் ஒன்று எடுத்துக்கொண்டு வளர்ந்திருக்கின்றன.

ஆடிக் கிருத்திகைக்குச் சித்தூரிலிருந்தும் நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் மக்கள் காவடி எடுத்துத் திருத்தணிக்கு வருகிறார்கள். திருப்பதியில் தாத்தய்யகுண்ட கங்கையம்மன் ஜாத்திரையின்போது ஒரு வாரம் ஆண்கள் விதவிதமான வேடமிட்டு நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள். மாட்டுப்பொங்கலுக்கு இணையான கனுமா நாளில் சந்திரகிரிக்கு அருகிலுள்ள ரங்கம்பேட்டையில் கொம்பில் பலகை கட்டிய மாடுகளை ஓடவிட்டு இளைஞர்கள் பிடிக்கிறார்கள். இவற்றில் எது தமிழர் விழா, எது தெலுங்கர் விழா என்று பிரிக்க முயன்றால் தோற்றுப்போவோம். இரு சாராரும் சேர்ந்து நடத்துவதால்தான் அவை இவ்வளவு வலுவாக இருக்கின்றன.

உலக அனுபவம் சொல்வது

புதிய பண்பாட்டுச் சூழலில் வாழ்வோர் நான்கு வழிகளில் ஒன்றைப் பின்பற்றுகிறார்கள் என்று உளவியலாளர் ஜான் பெர்ரி வகைப்படுத்தினார். தன்னுடையதைக் காத்துக்கொண்டே புதியதிலும் பங்கேற்பது ஒன்று. தன்னுடையதை விட்டுப் புதியதில் கரைவது இரண்டு. புதியதை விலக்கித் தனித்திருப்பது மூன்று. இரண்டையும் இழந்து நிற்பது நான்கு. முதல் வழியே மனநலத்துக்குப் பெரும்பாலும் உகந்தது என்பது அவர் கருத்து. சித்தூர்த் தமிழர்கள் பெரும்பாலும் இந்த முதல் வழியில் நடப்பவர்கள்.

மேலை நாடுகளில் வாழும் ஆப்பிரிக்கர்களும் இதையே நாடுகிறார்கள். யோருபா, அகான் குடும்பங்கள் குழந்தைக்குப் பெயர்சூட்டும் சடங்கைப் புதிய நாட்டிலும் உறவினர் சூழ நடத்துகின்றன. பிரிட்டனில் பல சமூகங்கள் சனிக்கிழமைப் பள்ளி நடத்தித் தங்கள் மொழியைக் கற்பிக்கின்றன. எத்தியோப்பியர்கள் மிகுந்த வாஷிங்டனில் 2004-ஆம் ஆண்டின் மொழி அணுகல் சட்டத்தின் பயனாக நகர நிர்வாகத்தின் முக்கிய ஆவணங்கள் அம்ஹாரிய மொழியிலும் கிடைக்கின்றன. இருந்தும் இரண்டாம் தலைமுறையில் ஆங்கிலம் முந்துகிறது. மூன்றாம் தலைமுறையில் பாட்டன் மொழி பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வீட்டில் மொழி கைமாறுவதே அடிப்படை என்றும், அது அறுந்தால் மற்ற எந்த முயற்சியும் எளிதில் ஈடு செய்யாது என்றும் மொழியியலாளர் ஜோஷுவா ஃபிஷ்மன் 1991-இல் வெளியான தம் நூலில் விளக்கினார்.

மொழி போன பிறகும் பண்பாடு முற்றாகப் போய்விடுவதில்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்தவர்களின் வழித்தோன்றலான சித்திகள் குஜராத்தில் குஜராத்தி பேசுகிறார்கள். முன்னோர் மொழி அவர்களிடம் இல்லை; ரத்தன்பூரிலுள்ள பாவா கோர் தர்காவும் கோமா ஆட்டமும் இருக்கின்றன. இலங்கையின் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வழியினரிடம் மஞ்சா பாடல்கள் எஞ்சியுள்ளன. மொரீஷியஸ், ரீயூனியன், தென்னாப்பிரிக்கத் தமிழர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுவதில்லை. காவடியும் தீமிதியும் தொடர்கின்றன. முதலில் எழுத்தும், அடுத்துப் பேச்சும், கடைசியில் வழிபாடும் மங்குவதே புலம்பெயர்ந்த சமூகங்களில் பரவலாகக் காணப்படும் வரிசை.

எழுத்து இல்லாமலும் பேச்சு நெடுங்காலம் நிற்கக்கூடும். விஜயநகர, நாயக்கர் காலத்தில் தமிழ்நாட்டுக்கு வந்த தெலுங்குக் குடும்பங்களில் பல, தெலுங்கு எழுத்தை அறியாமலே பல நூற்றாண்டுகள் வீட்டில் தெலுங்கு பேசிவந்திருக்கின்றன. ஆனால் அந்த மொழியில் செய்தி படிக்கவோ, கடிதம் எழுதவோ, இலக்கியத்தைத் தொடவோ அவர்களால் முடியவில்லை. நகரப் பள்ளியும் ஆங்கிலமும் வந்த பிறகு பேச்சும் விரைவாகச் சுருங்குகிறது. சித்தூர்த் தமிழர்கள் இன்று இந்த வரிசையின் முதற்படியில் நிற்கிறார்கள். வழிபாடு உறுதியாக இருக்கிறது. பேச்சு உயிரோடு இருக்கிறது. எழுத்துதான் கைவிட்டுப் போகிறது.

செய்யக்கூடியவை

எழுத்து கைவிட்டுப் போவதைத் தடுக்கத் தேவையானவை பெரிய போராட்டங்கள் அல்ல. தெலுங்குவழி, ஆங்கிலவழிப் பள்ளிகளிலேயே விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு பாடமாகத் தமிழ் கற்பிக்க ஆசிரியர் இருந்தால், வேலைவாய்ப்பை இழக்காமலே எழுத்தைக் காக்கலாம். தமிழ்வழிப் பணியிடங்களை உரிய காலத்தில் நிரப்புவதும் பாடநூல்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே தருவதும் ஆந்திர அரசு செய்ய வேண்டியவை. எல்லையோரத் தமிழ் மாணவர்களுக்குத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் சில இடங்களை ஒதுக்குவதும் ஊர் நூலகங்களுக்குச் சிறுவர் நூல்களை அனுப்புவதும் தமிழ்நாட்டு அரசால் முடியும். ஓசூர்த் தெலுங்குப் பிள்ளைகளுக்கு ஆந்திர அரசும் இவ்வாறே செய்ய முன்வந்தால் இரு மாநிலங்களும் ஒன்றுக்கொன்று கைமாறு செய்ததாக அமையும்.

குடும்பத்தின் பங்கு இவற்றினும் பெரிது. மாலையில் அரை மணி நேரம் பாட்டியோ தாயோ பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தால் சில மாதங்களில் ஒரு பிள்ளை தமிழ் படிக்கத் தொடங்கிவிடும். ஏற்கெனவே பேசத் தெரிந்த மொழி என்பதால் புதிதாகக் கற்க வேண்டியது எழுத்து மட்டுமே. கோயில் விழாக் குழுக்களும் கூத்துக் குழுக்களும் கோடை விடுமுறையில் இதற்கென வகுப்பு நடத்தலாம். சனிக்கிழமைப் பள்ளிகள் நடத்தும் புலம்பெயர்ந்த சமூகங்கள் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. தெலுங்கில் தேர்ந்து, ஆங்கிலத்தில் படித்து, தமிழிலும் எழுதப் படிக்கத் தெரிந்த தலைமுறை சித்தூரிலும் திருப்பதியிலும் உருவாவது எட்டாத கனவன்று. பல நூற்றாண்டுகளாக இரண்டு மொழிகளைத் தாங்கிவந்த மண்ணுக்கு அது பழக்கமான நிலைதான்.